26 வயதில் தொடங்கி ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதும் காம்போசர் ஆக முடியுமா? படிப்பு எப்படி, பிழைப்பு எப்படி?

இரவுப்பியானோ:

வணக்கம். வயது 26, மென்பொருள் வேலை. சின்ன வயதிலிருந்து பியானோ வாசிக்கிறேன், தியரி ஓரளவு தெரியும், ஆனால் மேடை ஏறும் அளவுக்குக் கை கிடையாது. கொஞ்ச காலமாக இன்றைய மேற்கத்திய கிளாசிக்கல் இசையைத்தான் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கையா சாரியாஹோ, உன்சுக் சின், தாமஸ் ஆடெஸ், ஆர்வோ பேர்ட் என்று ஒருவரிலிருந்து இன்னொருவருக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. கேட்கக் கேட்க எனக்கும் எழுத வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. சினிமாவுக்கோ கேமுக்கோ இல்லை, மேடையில் மனிதர்கள் உட்கார்ந்து வாசிக்கிற இசை.

இவர்களுடைய வாழ்க்கைக் குறிப்பைப் படித்தால் எல்லாம் ஒரே அச்சில் இருக்கிறது. இன்னாரிடம் படித்தார், இந்தப் பரிசு வாங்கினார், இந்த ஆர்கெஸ்ட்ரா அவரிடம் புதுப் படைப்பு கேட்டது, அவ்வளவுதான். அந்த மூன்று வாக்கியங்களுக்கு நடுவில் உண்மையில் என்ன நடக்கிறது என்று யாரும் எழுதுவதில்லை. பாடமாக என்ன கற்றுக்கொள்கிறார்கள்? பட்டம் இல்லாமல் முடியுமா? சாப்பாட்டுக்கு என்ன செய்கிறார்கள்? மியூஸ்ஸ்கோர் என்ற இசைக்குறிப்பு எழுதும் மென்பொருளில் 12 நிமிடத்துக்கு ஒரு ஆர்கெஸ்ட்ரா துண்டு எழுதி வைத்திருக்கிறேன், கணினி வாசிக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு இரண்டு வருட மாஸ்டர்ஸ் சேரலாமா என்று யோசிக்கிறேன். விஷயம் தெரிந்தவர்கள் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

---

ஐந்துகோடு:

வயதைப் பற்றி முதலில் பேசி முடித்துவிடுகிறேன், அது நீங்கள் நினைக்கும் அளவுக்குப் பெரிய பிரச்சினை இல்லை. ஜெனிஃபர் ஹிக்டன் 15 வயதில் தானாகவே ஃப்ளூட் கற்றுக்கொண்டவர், முறையான இசைப் படிப்பு 18-இல், இசை எழுதுவதைப் படிக்கத் தொடங்கியது 21-இல். 2010-இல் வயலின் கான்செர்டோவுக்கு அமெரிக்காவின் புலிட்சர் பரிசு வாங்கினார். செனாக்கிஸ் என்ற காம்போசர் இன்னும் மோசம், பொறியியல் படித்துவிட்டு கட்டடக் கலைஞர் லெ கோர்பூசியேவின் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். அவருடைய ‘மெட்டாஸ்டாசிஸ்’ 1955-இல் ஜெர்மனியின் டோனவெஷிங்கனில் முதலில் மேடையேறியபோது வயது முப்பதைத் தாண்டிவிட்டது. வயது இடிக்கிற ஒரே இடம் போட்டிகள். இளம் காம்போசர்களுக்கான பரிசுகள், முகாம்கள் பலவற்றில் வயது வரம்பு 30 அல்லது 35. அந்தக் கதவுகளில் சில உங்களுக்குச் சீக்கிரமே மூடிவிடும், அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பாடம். கன்சர்வேட்டரியில் (இசைக் கல்லூரியில்) காம்போசிஷன் படிப்பு என்றால் வாரம் ஒருமுறை ஆசிரியரோடு தனியாக உட்காருவது. நீங்கள் எழுதிய பக்கங்களைக் கொண்டுபோவீர்கள். அவர் பார்த்துவிட்டு ‘இந்த இடம் ஏன் இவ்வளவு சீக்கிரம் முடிகிறது’, ‘இந்த ஓபோ இங்கே எதற்கு’ என்று கேட்பார். பதில் இருந்தால் நல்லது, இல்லையென்றால் அடுத்த வாரம். அதைச் சுற்றி ஹார்மனி, கவுன்டர்பாயின்ட் (தனித்தனி மெலடிகளை ஒன்றாக நகர்த்துவது), காது பயிற்சி, ஆர்கெஸ்ட்ரா ஸ்கோரை (எல்லா வாத்தியங்களும் ஒரே பக்கத்தில் இருக்கும் இசைக்குறிப்பை) பியானோவில் பார்த்து வாசிப்பது, பகுப்பாய்வு, ஆர்கெஸ்ட்ரேஷன் (எதை எந்த வாத்தியத்துக்குக் கொடுப்பது என்பது), எலெக்ட்ரானிக் இசை என்று மற்ற வகுப்புகள். கவுன்டர்பாயின்டுக்கு இன்றும் ஃபூக்ஸ் 1725-இல் வெளியிட்ட புத்தகத்தின் முறைதான் பல இடங்களில், ஒரு ஸ்வரத்துக்கு எதிராக ஒரு ஸ்வரம், அப்புறம் இரண்டு, அப்புறம் நான்கு என்று படிப்படியாக. சலிப்பூட்டும், ஆனால் இரண்டு குரல்களைத் தனித்தனியாகக் கேட்கிற காது அதில்தான் வரும்.

அமெரிக்க காம்போசர் ஃபிலிப் கிளாஸ் நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைப் பள்ளியில் பட்டம் வாங்கிய பிறகு 1964-இல் பாரிஸில் நாதியா பூலான்ஜே என்ற ஆசிரியையிடம் போனபோது அவருக்கு 27 வயது, உங்கள் வயதுதான் கிட்டத்தட்ட. அந்த அம்மா அவரை அடிப்படை ஹார்மனி, கவுன்டர்பாயின்டிலிருந்து திரும்ப ஆரம்பிக்க வைத்தார். இதற்கு நேர் எதிராக, செனாக்கிஸ் பிரெஞ்சு காம்போசர் மெஸ்ஸியானிடம் போய் ‘நான் ஹார்மனியெல்லாம் முதலிலிருந்து படிக்க வேண்டுமா’ என்று கேட்டபோது, வேண்டாம், உங்களுக்குக் கணிதமும் கட்டடக் கலையும் தெரியும், அதை வைத்தே எழுதுங்கள் என்ற பொருளில் பதில் வந்தது. பாரிஸ் கன்சர்வேட்டரியில் அத்தனை வருடம் ஹார்மனியும் பகுப்பாய்வும் நடத்தியவர் சொன்ன பதில் இது! எதிரே நிற்பவர் யார் என்று பார்த்துத்தான் நல்ல ஆசிரியர் சொல்வார், அதனால் இணையத்தில் யாராவது ‘இதைப் படித்தே ஆக வேண்டும்’ என்று பட்டியல் கொடுத்தால் (நான் மேலே கொடுத்ததையும் சேர்த்து) கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள்.

உன்சுக் சின் பெயரைச் சொன்னீர்கள். அவருடைய கதை உங்கள் ‘மூன்று வாக்கியங்களுக்கு’ நல்ல உதாரணம். குறிப்பில் ‘ஹாம்பர்கில் காம்போசர் லிகெட்டியிடம் படித்தார்’ என்று ஒரே வரி இருக்கும். நடந்தது என்னவென்றால், சியோலில் படிப்பை முடித்து, 1985-இல் இளம் காம்போசர்களுக்கான கௌடேயாமுஸ் பரிசும் வாங்கிக்கொண்டு ஜெர்மன் உதவித்தொகையில் போனவரிடம் லிகெட்டி, இதுவரை எழுதியதையெல்லாம் தூக்கிப் போடு, இதில் உன்னுடையது எதுவும் இல்லை என்கிற மாதிரி சொல்லிவிட்டார். அன்றைய ஐரோப்பிய நவீன இசையை நன்றாகப் பின்பற்றி எழுதியிருந்தார் என்பதுதான் குற்றம். அதன்பின் மூன்று வருடம் அவரால் எதுவும் எழுத முடியவில்லை. பெர்லினுக்குப் போய் அங்கிருந்த எலெக்ட்ரானிக் ஸ்டூடியோவில் வேலை செய்து, அதன் வழியாகத் திரும்ப வந்தார். பரிசு வாங்கிய மாணவியிடம் இப்படிப் பேசலாமா என்றால், எனக்கு அதில் இரண்டு மனது. அவருக்கு அது பயன்பட்டது, 2004-இல் கிராவெமையர், 2024-இல் எர்ன்ஸ்ட் ஃபான் சீமன்ஸ் என்று பெரிய இசைப் பரிசுகள் வரை வந்துவிட்டார். அதே மாதிரிப் பேச்சைக் கேட்டுப் பேனாவைக் கீழே வைத்தவர்களுக்கு வாழ்க்கைக் குறிப்பு யாரும் எழுதுவதில்லை.

பட்டம் பற்றி: நானே மாஸ்டர்ஸ், டாக்டரேட் இரண்டும் முடித்தவன். பட்டத்தைக் காட்டி எந்த ஆர்கெஸ்ட்ராவும் வேலை கொடுக்காது. டாக்டரேட் பல்கலைக்கழகத்தில் பாடம் எடுக்க வேண்டுமென்றால் தேவை, இல்லையென்றால் தேவையில்லை. மாஸ்டர்ஸால் கிடைப்பது வேறு. அதே கட்டடத்தில் உங்கள் இசையை வாசிக்கக்கூடிய மாணவர்கள் சுற்றிக்கொண்டிருப்பார்கள், அதுதான் லாபம். கடன் வாங்கிச் சேராதீர்கள். உதவித்தொகை கிடைத்தால் யோசியுங்கள்.

---

பழையசெல்லோ:

மேலே எழுதியவர் கடைசியில் இரண்டு வரியில் சொல்லிவிட்டுப் போனதுதான் முழு விஷயமும் என்பேன். நான் செல்லோ வாசிப்பவன், புது இசை நிறைய வாசித்திருக்கிறேன், காம்போசர் இல்லை. எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் இது எப்படித் தெரிகிறது என்று சொல்கிறேன்.

‘கணினி வாசிக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த வரியைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் பயம் வந்தது. கணினியில் ஃப்ளூட்டின் கீழ்ஸ்தாயி மூன்று டிராம்போனுக்கு மேலே தெளிவாகக் கேட்கும், மேடையில் அந்த ஃப்ளூட்காரர் உதடு அசைப்பது மட்டும்தான் தெரியும். கணினியில் ஹார்ன் பத்து நிமிடம் உச்சத்திலேயே நிற்கும், மனிதருக்கு உதடு செத்துவிடும். ஹார்ப்புக்கு 7 பெடல், ஒவ்வொன்றுக்கும் 3 நிலை, ஸ்வரத்தை மாற்ற வேண்டுமென்றால் காலால் பெடலை மாற்ற வேண்டும். பியானோ வாசிக்கிறவர்கள் எழுதும் வேகமான குரோமாட்டிக் (அரை ஸ்வரம் அரை ஸ்வரமாக நகரும்) ஓட்டத்தைக் கொண்டுவந்து கொடுத்தால் ஹார்ப் வாசிப்பவர் உங்களை நிமிர்ந்து பார்ப்பார், ஒன்றும் சொல்ல மாட்டார். என் வாத்தியத்திலேயே, அடித்தந்தியில் மட்டும் கிடைக்கிற இரண்டு ஸ்வரங்களை ஒரே நேரத்தில் வாசிக்கச் சொல்லி எழுதிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. ஒரு தந்தி, இரண்டு ஸ்வரம், எப்படி வரும்? மென்பொருள் மறுப்பே சொல்லாமல் வாசித்துக் காட்டியிருக்கும்.

இதெல்லாம் ஆர்கெஸ்ட்ரேஷன் புத்தகத்திலும் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கிளாரினெட்டில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று ஒலி வரவைக்கிற மல்டிஃபோனிக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் விரல் வைக்கும் படம் இருக்கும். அது ஒருவருடைய கிளாரினெட்டில் அழகாக வரும், அடுத்தவருடையதில் ஒரு கீச்சுதான் வரும். ஆளோடு உட்கார்ந்தால்தான் தெரியும். கேரலைன் ஷா 2013-இல் 30 வயதில் புலிட்சர் வாங்கினாரே, அந்த ‘பார்ட்டிட்டா’ எட்டுக் குரல்களுக்கானது, அந்தப் பாட்டுக் குழுவில் அவரே ஒரு பாடகி. யாருக்கு எந்தச் சத்தம் எப்படி வரும் என்று பக்கத்தில் நின்று பாடியே தெரிந்துகொண்டவர்.

அதனால் அந்த 12 நிமிட ஆர்கெஸ்ட்ராவைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரே ஒரு வாசிப்பாளரைப் பிடியுங்கள், வயோலாவோ சாக்ஸஃபோனோ எதுவானாலும் சரி. அவருக்காக மூன்று நிமிடம் எழுதுங்கள், எழுதும்போதே பாதியில் கொண்டுபோய்க் காட்டுங்கள், ‘இது வருமா, வேறு எப்படிச் செய்தால் நன்றாக இருக்கும்’ என்று கேளுங்கள். நாங்கள் கேட்டால் நிறையச் சொல்வோம், யாரும் கேட்பதில்லை. வயோலா, பாசூன், டபுள் பேஸ்காரர்களுக்குத் தனியாக வாசிக்க இசை குறைவு, நன்றாக எழுதிக் கொடுத்தால் அவர்களே பல இடங்களில் வாசிப்பார்கள். பியானோ சொனாட்டா எழுதினால் பீத்தோவனோடு போட்டி போட வேண்டும், எதற்கு வம்பு?

ஃபூக்ஸையெல்லாம் வேண்டுமானால் ஓய்வு நேரத்தில் பாருங்கள்.

---

ஐந்துகோடு:

கடைசி வரியை மட்டும் ஏற்க மாட்டேன். வாசிப்பாளரோடு உட்காருவது வாத்தியத்தைக் கற்றுக்கொடுக்கும், பத்து நிமிட இசை எப்படி நிற்கிறது, எங்கே தொய்கிறது என்பதைக் கற்றுக்கொடுக்காது. அழகான சத்தங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி வைத்துவிட்டு எங்கே முடிப்பது என்று தெரியாமல் நிறுத்துகிற புது இசையை நீங்களே எத்தனை வாசித்திருப்பீர்கள், நியாயமாகச் சொல்லுங்கள்.

---

பழையசெல்லோ:

நிறைய. சரி, அதைக் கொடுத்துவிடுகிறேன். ஆனால் கவுன்டர்பாயின்டில் முதல் மதிப்பெண் வாங்கியவர்கள் எழுதியதும் அதில் உண்டு.

---

நாலுகாசு:

எல்லாரும் கலையைப் பற்றியே பேசுகிறீர்கள், அவர் பிழைப்பையும் கேட்டார். வேலையை விடாதீர்கள் தம்பி (தங்கையாகவும் இருக்கலாம், மன்னிக்கவும்). கிளாஸ் 41 வயது வரை டாக்ஸி ஓட்டினார், குழாய் வேலை பார்த்தார். 1976-இல் ‘ஐன்ஸ்டைன் ஆன் த பீச்’ நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆபெரா அரங்கத்தில் நடந்தது, அதற்குப் பிறகும் டாக்ஸிதான். அவரும் ஸ்டீவ் ரைக்கும் சேர்ந்து வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் வேலைகூடச் செய்திருக்கிறார்கள். ஆர்வோ பேர்ட் எஸ்டோனிய வானொலியில் ஒலிப்பதிவாளராக இருந்தவர். உங்களுக்கு மென்பொருள் வேலை இருக்கிறது, அவர்களைவிட நல்ல நிலைமை.

---

பிரதிக்காரன்:

நான் காம்போசர்களுக்கு ஸ்கோரும் பார்ட்டும் (ஒவ்வொரு வாசிப்பாளருக்குமான தனி இசைத்தாளும்) தயார் செய்து கொடுக்கிறவன், காசு எங்கிருந்து வருகிறது என்பதை வெளியிலிருந்து தினமும் பார்க்கிறேன். அந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

ஒரு ஆர்கெஸ்ட்ராவோ குழுவோ விழாவோ ‘எங்களுக்கு இத்தனை நிமிடத்துக்கு ஒரு படைப்பு வேண்டும்’ என்று கேட்டுக் கொடுப்பது கமிஷன். பெரிய ஆர்கெஸ்ட்ரா என்றால் நிகழ்ச்சிக்கு இரண்டு மூன்று வருடம் முன்பே பேசுவார்கள், பணம் பாதி கையெழுத்திடும்போது, மீதி ஸ்கோர் கொடுக்கும்போது என்பது மாதிரி வரும். அந்தத் தொகையை எழுதிய மாதங்களால் வகுத்துப் பார்க்க வேண்டாம், மனது கெடும். அப்புறம் ஒவ்வொரு முறை பொதுவில் வாசிக்கப்படும்போதும் ராயல்டி உண்டு. பிரிட்டனில் பிஆர்எஸ், ஜெர்மனியில் கெமா, அமெரிக்காவில் ஆஸ்கேப் மாதிரியான சங்கங்கள் வசூலித்துக் கொடுக்கும், பதிவு செய்யாமல் இருந்தால் ஒன்றும் வராது. மூன்றாவது, ஆர்கெஸ்ட்ரா பார்ட்டுகளைப் பெரும்பாலும் விற்பதில்லை, வாடகைக்குத்தான் கொடுப்பது, அந்த வாடகையில் ஒரு பங்கு. பூஸி அண்ட் ஹாக்ஸ், ஃபேபர், ஷாட் மாதிரி பதிப்பகம் எடுத்துக்கொண்டால் வாடகை, விளம்பரம், அச்சு எல்லாம் அவர்கள் தலையில், பதிலுக்கு ராயல்டியில் நல்ல பங்கு அவர்களுக்கு. ஹிக்டன் மாதிரி தன் இசையைத் தானே பதிப்பித்து முழுதும் தன் கையில் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் அஞ்சல் அலுவலகம், கணக்குப்பிள்ளை, விற்பனையாளர் எல்லாமுமாக இருக்க வேண்டும்.

இவை மூன்றையும் சேர்த்து மட்டும் வாழ்கிறவர்கள் மிகக் குறைவு. மற்றவர்கள் பாடம் எடுக்கிறார்கள், கண்டக்ட் செய்கிறார்கள், வாசிக்கிறார்கள், பிறருடைய சினிமா இசையை ஆர்கெஸ்ட்ரேட் செய்கிறார்கள், என்னைப் போலப் பிரதி வேலை செய்கிறார்கள்.

முதல் நிகழ்ச்சி கிடைப்பது அவ்வளவு கஷ்டம் இல்லை, ‘உலகில் முதன்முறையாக’ என்று போஸ்டரில் போட எல்லோருக்கும் ஆசை. இரண்டாவது நிகழ்ச்சிதான் கிடைக்காது. ஒரே முறை வாசித்து அலமாரிக்குப் போன நல்ல இசை ஏராளம். இதைச் சமாளிக்க வந்ததுதான் கூட்டுக் கமிஷன், பல குழுக்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு படைப்பை வாங்கி எல்லோரும் வாசிப்பது. ஜோன் டவர் எழுதிய ‘மேட் இன் அமெரிக்கா’வுக்கு 65 சிறிய ஆர்கெஸ்ட்ராக்கள் சேர்ந்தன, அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் வாசித்தார்கள். பேர்போன ஆர்கெஸ்ட்ராக்கள் இல்லை, அந்தந்த ஊர்ச் சின்ன ஆர்கெஸ்ட்ராக்கள். எனக்குத் தெரிந்து புதியவர்கள் கவனிக்காமல் விடுகிற இடம் இதுதான், எல்லோர் கண்ணும் பெர்லின் ஃபில்ஹார்மோனிக் மேலேயே இருக்கிறது. அமெச்சூர் கொயர்கள் (சேர்ந்து பாடும் குழுக்கள்), காற்று வாத்திய பேண்டுகள், இளையோர் ஆர்கெஸ்ட்ராக்கள் எல்லாம் புது இசை தேடிக்கொண்டே இருக்கின்றன.

இனி என் சொந்தப் புலம்பல். பார்ட்டை ஒழுங்காகத் தயார் செய்யுங்கள்! மென்பொருள் தானாகப் பிரித்துக் கொடுப்பதை அப்படியே அச்சடித்துக் கொண்டுபோகாதீர்கள். வாசிப்பவர் பக்கம் திருப்ப ஒரு கை வேண்டும், அதனால் பக்கத்தின் அடியில் ஓய்வு வர வேண்டும். நாற்பது பார் சும்மா இருந்துவிட்டு நுழைகிறவருக்கு, அதற்கு முன் யார் வாசிக்கிறார் என்று சிறிய எழுத்தில் குறிப்பு போட வேண்டும். புதுப் படைப்புக்கு ஆர்கெஸ்ட்ரா ஒதுக்குகிற ரிகர்சல் நேரமே கொஞ்சம், அதில் ‘என் பார்ட்டில் 84-ஆம் பார் இல்லையே’ என்று ஒருவர் கை தூக்கினால் உங்கள் நேரம்தான் போகிறது, மறு வாய்ப்பும் சேர்ந்து போகிறது. மியூஸ்ஸ்கோர் தொடங்க நல்லதுதான். ஃபினாலே என்ற பழைய மென்பொருளைப் புதிதாகக் கற்றுக்கொள்ளாதீர்கள், 2024 ஆகஸ்டில் அதை நிறுத்துவதாக அறிவித்துவிட்டார்கள். டோரிக்கோ அல்லது சிபீலியஸ், இரண்டில் எது பிடிக்கிறதோ அது.

---

இரவுப்பியானோ:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விரிவாக வரும் என்று எதிர்பார்க்கவில்லை. வேலையை விடும் எண்ணத்தை இப்போதைக்குத் தள்ளி வைக்கிறேன். இன்னும் இரண்டு கேள்வி. மாஸ்டர்ஸ் போகாமல் இந்த ‘மனிதர்கள் வாசிக்கிற’ அனுபவம் கிடைக்க வேறு வழி உண்டா? அப்புறம், கேட்க வெட்கமாக இருக்கிறது, எனக்கு மெலடி பிடிக்கும். கன்டெம்பரரி என்றால் காதைக் கிழிக்கிற மாதிரிதான் எழுத வேண்டுமா?

---

ஐந்துகோடு:

இரண்டாவது கேள்வி முதலில். 1950-களில் சில இடங்களில் அப்படி ஒரு கெடுபிடி இருந்தது உண்மை. இன்று கிடையாது. பேர்ட் 1976-இல் ‘ஃப்யூர் அலினா’ எழுதியபோது இரண்டு குரல், ஒன்று ஸ்கேலில் நகரும், மற்றது ஒரு டிரையாடின் (மூன்று ஸ்வரக் கார்டின்) ஸ்வரங்களிலேயே நிற்கும், அவ்வளவுதான். அதற்கு முன் அவர் கடுமையான பன்னிரண்டு ஸ்வர இசையும் எழுதியவர், நடுவில் சில வருடம் பெரும்பாலும் மௌனம், பழைய தேவாலய இசையைப் படித்துக்கொண்டிருந்தார். மெலடி எழுதுங்கள், தாராளமாக. நடுவர்கள் சிலருக்கு இன்னும் ரசனைச் சாய்வு இருக்கிறது, அதனால் எந்தப் போட்டிக்கு அனுப்புகிறீர்களோ அங்கே முன்பு வென்றவற்றை ஒருமுறை கேட்டுவிட்டு அனுப்புங்கள், விண்ணப்பக் கட்டணமாவது மிஞ்சும்.

முதல் கேள்விக்கு, கோடைகால முகாம்கள். ஜெர்மனியில் டார்ம்ஷ்டாட் 1946-இலிருந்து நடக்கிறது, பிரான்ஸில் ரொயோமோன், அமெரிக்காவில் ஆஸ்பென், டாங்கிள்வுட். குறுகிய காலம், நல்ல வாசிப்பாளர்கள், நாள் முழுக்க இசை. ஆர்கெஸ்ட்ராக்களே நடத்துகிற பட்டறைகளும் உண்டு, லண்டன் சிம்ஃபனியின் பனுஃப்னிக் திட்டத்தில் வருடத்துக்கு 6 பேரை எடுத்து ஆளுக்கு 3 நிமிடம் எழுத வைத்து ஆர்கெஸ்ட்ராவே வாசித்துக் காட்டும். ஒவ்வொன்றுக்கும் தகுதி விதி வேறு வேறு, பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் இரண்டு மூன்று ஸ்கோரும் முடிந்தால் நிஜ ஒலிப்பதிவும் கேட்பார்கள், கணினி ஒலியை அனுப்பினால் பலர் பாதியில் நிறுத்திவிடுவார்கள். அதனால் பழையசெல்லோ சொன்ன மூன்று நிமிடத் தனி வாத்தியத் துண்டிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கும், அதில் அவரோடு எனக்குச் சண்டை இல்லை.

---

பழையசெல்லோ:

செல்லோவுக்கு என்றால் எனக்கே அனுப்புங்கள். போனில் பதிவு செய்து, வராத இடங்களைக் குறித்து அனுப்புகிறேன். ஒரே நிபந்தனை, பக்கம் திருப்ப இடம் விட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் பிரதிக்காரன் என்னைச் சும்மா விட மாட்டார்.